எந்த டம்ளரில் குடித்தோம்? தண்ணீர், தேநீர், சாராயம், ஹார்லிக்ஸ்: ஒரு சிறு வரலாறு

பொதுத்தேர்வு நெருங்கினால் உழவர்கரைப் பகுதியின் மாலைநேரப் படிப்பகங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அக்கா, ராத்திரி கண்ணு முழிச்சிப் படிக்கணும். டீ நல்லதா, காபி நல்லதா?" கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளையாக இருந்தால் பூஸ்ட், ஹார்லிக்ஸ் என்று பட்டியல் நீளும். எதைக் குடித்தால் மூளை நன்றாக வேலை செய்யும் என்பதுதான் அவர்கள் கேட்பது.

இதற்கு அறிவியலில் பதில் இருக்கிறது. அதையும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். ஆனால் நம் மக்களுக்கு இந்தக் கேள்வி வந்து சேர்வதற்கு முன்பே வேறு சில கேள்விகள் முடிவு செய்யப்பட்டிருந்தன. யார் குடிக்கலாம், எதில் குடிக்கலாம், யார் கையால் ஊற்றி வாங்க வேண்டும், மிச்சம் மீதியில் எது நமக்கு வரும் என்பவை அந்தக் கேள்விகள். ஒரு பானம் மூளையை என்ன செய்கிறது என்பதை அதில் கலந்திருக்கும் பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைச் சுற்றி நிற்கும் சமூகமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் "மூளைக்கு நல்ல பானம்" எது என்று பேசினால், நாம் விளம்பரக்காரர்களின் மொழியைத்தான் பேசுவோம்.

தண்ணீர்: உழவர்கரையில் ஊறி, நகரத்துக்குப் போனது

முதல் பானம் தண்ணீர். மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. உடம்பில் நீர் குறைந்தால் அது முதலில் உணரப்படும் இடங்களில் மூளையும் ஒன்று. உடல் எடையில் 2 சதவீதம் அளவுக்கு நீர் இழந்தாலே கவனம் சிதறுகிறது, உடனடி நினைவாற்றல் மங்குகிறது, எரிச்சலும் களைப்பும் கூடுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 30 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு அது வெறும் 600 மி.லி. புதுச்சேரியின் ஏப்ரல் வெயிலில், தகர ஷீட்டுக் கூரையின் கீழ் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு அந்த இழப்பு பெரிய விஷயமே இல்லை.

புதுச்சேரி நகரத்தின் குடிநீர் வரலாறு நம் உழவர்கரையில்தான் தொடங்குகிறது. இன்று உழவர்கரை நகராட்சிக்குள் இருக்கும் முத்திரப்பாளையத்தின் ஊற்றுகளிலிருந்துதான் 1860களில், லாமைரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் பொறுப்பில், நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகப்பட்டது. அதன் நினைவாகத்தான் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பாரதி பூங்காவின் நடுவே ஆயி மண்டபம் எழுந்தது. இன்று புதுச்சேரி அரசின் சின்னத்திலும் இருக்கும் மண்டபம் அது.

ஆயி யார்? கதைப்படி அவள் ஒரு தாசி. கிருஷ்ணதேவராயர் காலத்தில், விளக்குகள் எரிந்த அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார் ஒரு பெரிய மனிதர். அது தாசியின் வீடு என்று தெரிந்ததும் அவமானம் தாங்காமல் வீட்டை இடிக்க உத்தரவிட்டார். நானே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டுகிறேன் என்றாளாம் ஆயி. இந்தக் கதையைத் தியாகக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். சாதியாலும் பாலினத்தாலும் இழிவாகப் பார்க்கப்பட்ட ஒரு பெண், தன் வீட்டை இழந்துதான் ஊருக்குத் தண்ணீர் தந்தாள் என்றும் அதை வாசிக்கலாம். கதை எவ்வளவு உண்மையோ தெரியாது; ஆனால் நம் சமூகத்தில் தண்ணீரும் தீட்டும் எவ்வளவு நெருக்கமானவை என்பதை அது மறைக்காமல் சொல்கிறது.

அந்த நெருக்கத்தை வகுப்பறைக்குள் அனுபவித்தவர் அண்ணல் அம்பேத்கர். சாத்தாராவில் பள்ளியில் படித்தபோது அவர் குழாயைத் தானே தொட்டுத் திறக்க முடியாது. கடைநிலை ஊழியர் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தாகத்தோடுதான் பாடம். 1901ஆம் ஆண்டு கோடையில் அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்காவின் பிள்ளைகளோடும் மாட்டுவண்டியில் போன பயணத்தைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். கையில் கட்டுச்சோறு நிறைய இருந்தது. குடிக்கத் தண்ணீர் தர யாரும் இல்லாததால் சிறுவர்கள் சாப்பிடாமலே படுத்தார்கள். இதைப் படிக்கும்போது நாம் அவமானத்தைப் பார்க்கிறோம், கோபப்படுகிறோம். அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தண்ணீர் குடித்த மூளையோடு படித்தார்கள்; பீமராவ் காய்ந்த நாக்கோடு படித்தார். இருவருக்கும் ஒரே பரீட்சை, ஒரே மதிப்பெண் அளவுகோல். இதைத்தான் பின்னாளில் "தகுதி" என்று பெயரிட்டு அழைத்தார்கள்.

அதனால்தான் தண்ணீர் நம் இயக்கத்தின் முதல் போர்க்களங்களில் ஒன்றாக இருந்தது. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் பொது நீர்நிலைகளையும் பள்ளிகளையும் எல்லோருக்கும் திறந்துவிடச் சொன்னது. நம் பக்கத்தில், சென்னை சட்டமன்றத்தில் 1924இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் குளங்களையும் பொதுக் கட்டடங்களையும் எல்லோருக்கும் உரியவை ஆக்கியது. காகிதத்தில் எழுதியது தொண்டையை நனைக்கவில்லை. மகாத் நகராட்சி 1924இல் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்ட பிறகும் யாரும் இறங்கிக் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சவதார் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். பதிலுக்குத் தடியடி நடந்தது. பிறகு 108 குடம் பால், தயிர், சாணம், கோமியம் ஊற்றிக் குளத்தைச் "சுத்தம்" செய்தார்கள். அந்தக் குளத்தின் மீது நமக்கு உரிமை உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல 1937 வரை ஆனது. ஒரு வாய் தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு 2022ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். ஆகஸ்டில் ராஜஸ்தானின் ஜாலோர் மாவட்டத்தில் ஒன்பது வயது தலித் சிறுவன் இறந்தான். ஆசிரியருக்கென வைத்திருந்த பானையில் தண்ணீர் குடித்ததற்காக அடிக்கப்பட்டான் என்பது குடும்பத்தின் புகார். பானை பற்றிய பேச்சே பொய் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதே ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. பிள்ளைகள் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தொட்டிக்குள் பார்த்தார்கள். மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு ஊருக்கு வந்தபோது அங்கே தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் தெரியவந்தது. ஒரே ஊரில் தண்ணீர்த் தொட்டியும் டீ டம்ளரும் ஒரே கதையைச் சொன்னன.

காபியும் தேநீரும்: விளைவித்தவன் வெளியே நின்றான்

இப்போது பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருவோம். காபி, தேநீர் இரண்டிலும் வேலை செய்வது கஃபீன். 1819இல் ஜெர்மானிய வேதியியலாளர் ருங்கே காபிக் கொட்டையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தன் ஏற்பிகளில் போய் உட்காரும்போது நமக்குத் தூக்கம் வருகிறது. கஃபீன் அந்த ஏற்பிகளில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால் கொஞ்ச நேரம் விழிப்பும் கவனமும் கூடும். ஆனால் களைப்பு எங்கேயும் போகவில்லை. களைப்பு பற்றிய செய்திதான் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டு வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி 10 மணிக்குக் குடித்த டீ, 3 மணிக்கும் உள்ளே இருக்கும். படித்தது நினைவில் பதிய வேண்டிய தூக்கத்தை அதே டீ கெடுக்கும்.

களைப்பை மறைக்கும் இந்தக் குணத்துக்கு வரலாற்றில் பெரிய விலை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் இலங்கை மலைகளில் காபி பயிரிட்டபோது, கங்காணிகள் தமிழ் மாவட்டங்களிலிருந்து அழைத்துப்போன கூலிகளில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர். 1869இல் இலைத்துரு நோய் காபித் தோட்டங்களைத் தாக்கத் தொடங்கியது. அடுத்து அதே மலைகளில், அதே கைகளைக் கொண்டு தேயிலை நட்டார்கள். ஆனைமலையிலும் நீலகிரியிலும் இதே கதைதான். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய நாவல்தான் தமிழில் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆக வந்தது. மலேரியாவிலும் கங்காணிக் கடனிலும் மாண்டுபோன நம் பாட்டன், பாட்டிகளை அதில் பார்க்கலாம். அவர்கள் பறித்த உயர்ந்த ரகத் தேயிலை லண்டன் ஏலத்துக்குப் போனது. தூள் நம்மூர்க் கடைகளுக்கு வந்தது.

கீழே, நகரங்களில் காபி வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும். காபி தமிழ் நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பார்ப்பனர்களின், அடையாளமானது. தேநீர் உழைப்பாளிகளின் பானமானது. பத்திரிகை படிப்பது, அரசியல் பேசுவது, வேலைக்கு ஆள் பிடிப்பது, ஒருவரோடு ஒருவர் அறிமுகமாவது எல்லாம் காபி கிளப்பில் நடந்தன. ஐரோப்பாவில் காபிக் கடைகள்தான் புதிய சிந்தனைகளை வளர்த்தன என்று பாடப்புத்தகங்கள் பெருமையாகச் சொல்லும். நம் ஊர்க் காபி கிளப்பின் வாசலில் பஞ்சமர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை தொங்கியது. கஃபீன் மட்டுமா மறுக்கப்பட்டது? செய்தி, விவாதம், தொடர்பு எல்லாமே அந்த வாசலோடு நின்றுபோயின. "பிராமணாள்" என்ற பெயரைப் பலகைகளிலிருந்து அழிக்க 1957இல் கூடத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் நாள் கணக்கில் மறியல் செய்ய வேண்டியிருந்தது.

தேநீர் நமக்கு வந்ததும் நம் மேல் அக்கறை கொண்டு வரவில்லை. 1903இல் தேயிலை மீது தனித் தீர்வை விதித்துச் சட்டம் வந்தது. அந்தப் பணத்தில் தேயிலையைப் பிரசாரம் செய்தார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வெளிநாட்டுச் சந்தை சரிந்தபோது தோட்ட முதலாளிகளின் பார்வை உள்நாட்டுப் பக்கம் திரும்பியது. ஊர் ஊராகப் போய் டீ போட்டுக் காட்டினார்கள். ஆலைகளில் டீக்கடை திறக்கச் சொன்னார்கள். டீ குடித்த தொழிலாளி சோர்வில்லாமல் வேலை செய்வான் என்பதுதான் முதலாளிகளிடம் சொன்ன வாதம். ஓய்வு கொடுப்பதைவிட ஒரு கிளாஸ் டீ மலிவு என்பது அதன் பொருள்.

புதுச்சேரித் தொழிலாளர்கள் இதற்கு வேறொரு பதில் வைத்திருந்தார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னெடுத்த அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. களைத்த உடம்புக்கும் மூளைக்கும் தேவை ஓய்வு என்ற எளிய உண்மையை அவர்கள் உயிர் கொடுத்து நிலைநாட்டினார்கள். ராத்திரி முழுக்க டீ குடித்துக் கண்விழிக்க நினைக்கும் மாணவத் தோழர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

டம்ளர் மூளையை என்ன செய்யும்?

இரட்டைக் குவளை முறையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஊர்க்காரனுக்குக் கண்ணாடி கிளாஸ், சேரிக்காரனுக்கு அலுமினிய டம்ளர். குடித்ததும் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். உட்கார பெஞ்சு கிடையாது. சட்டமும் வழக்கும் வந்த பிறகு சில இடங்களில் கண்ணாடி கிளாஸ் ஊருக்கு, "சுகாதாரமான" காகிதக் கோப்பை நமக்கு என்று மாறியது. இதை மானப் பிரச்சினை என்று சொல்கிறோம். சரிதான். இது மூளைத்திறன் பிரச்சினையும் கூட என்கிறேன்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆதிக்க சாதியைச் சேர்ந்த 321 சிறுவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த 321 சிறுவர்கள். எல்லோருக்கும் காகிதத்தில் அச்சிட்ட புதிர்வழிப் படங்கள். எத்தனை தீர்க்கிறார்களோ அதற்கேற்பப் பணம். சாதியைப் பற்றிப் பேசாமல் புதிர் கொடுத்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னும் உரக்க வாசித்துவிட்டுக் கொடுத்தபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் மதிப்பெண் பெருமளவு விழுந்தது. அதே பிள்ளைகள், அதே மூளை, அதே புதிர். மாறியது சாதியை அறிவித்தது மட்டும்தான்.

இப்போது டீக்கடையை யோசியுங்கள். தனி டம்ளர் செய்வது என்ன? காலை ஏழு மணிக்கு, ஊர் முன்னால், உன் சாதியை உரக்க வாசிக்கிறது. அந்த டீயில் 40 மி.கி. கஃபீன் இருக்கலாம். அது மூளையைக் கொஞ்சம் உசுப்பும். ஆனால் அந்த டம்ளர் சொல்லும் சேதி அதே மூளையை இறுக்கிப் பிடிக்கும். அப்பாவுக்கு அந்த டம்ளரில் ஊற்றியதைப் பார்த்த பிள்ளை ஒன்பது மணிக்குக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும். பானத்தின் குணத்தை ஆய்வகத்தில் அளக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கோப்பை கொடுத்துத்தான் அளக்கிறார்கள். நம் நாட்டில் கோப்பையே ஒன்றாக இருந்ததில்லை.

சாராயம்: நம்மேல் சுமத்திய பழி

"இவங்க குடிச்சே கெட்டாங்க, புள்ளைங்க எங்க படிக்கும்?" இந்தப் பேச்சைக் கேட்காத தலித் மாணவர் இருக்க முடியாது. குடி மூளையைக் கெடுக்கிறது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. தொடர்ந்து குடித்தால் நினைவாற்றல் போகும். தயமின் என்ற உயிர்ச்சத்து குறைந்து நிரந்தர மறதி நோய் கூட வரும். கர்ப்பத்தில் இருக்கும் சிசுவின் மூளையையும் மது பாதிக்கும். நம் தலைவர்கள் இதை வேறு யாரையும்விட முன்பே சொன்னார்கள். பண்டிதர் அயோத்திதாசர் பரப்பிய பௌத்தத்தின் பஞ்சசீலத்தில் மதுவிலக்கு உண்டு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் எடுக்கவைத்த 22 உறுதிமொழிகளிலும் உண்டு. அவர்களுக்கு அது ஒழுக்கப் பாடம் மட்டும் இல்லை. தெளிந்த தலையோடு எழுந்து நில் என்ற அரசியல்.

பழி சொல்கிறவர்கள் மறைக்கும் வரலாறு ஒன்று உண்டு. சாராயத்தை அரசு வருமானமாக்கியது காலனி ஆட்சி. சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தபோது, பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த புதுச்சேரி சுற்றுவட்டாரத்துக்கே குடிக்கும் ஊரானது. கொடி மாறிய பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. இன்றும் இங்கே சாராயக் கடை, கள்ளுக் கடை ஏலம் அரசுக்கு வருமானம். கடற்கரைச் சாலை மதுக்கூடத்தில் குடிப்பவன் சுற்றுலாப் பயணி. சாராயக் கடையில் குடிக்கும் நம் ஆள் "குடிகாரன்".

யார் ஏன் குடிக்கிறார்கள் என்பதும் வரலாறுதான். சாக்கடையில் இறங்குகிறவர்களும் பிணம் எரிக்கிறவர்களும் சொல்வதை நேரில் கேட்டிருக்கிறேன்: குடிக்காமல் அந்த நாற்றத்தில் நிற்க முடியாது. கஃபீன் களைப்பை மறைப்பதுபோல, சாராயம் சாதி கொடுத்த வேலையின் அருவருப்பை மறைக்கிறது. அந்த வேலையை அவர் தலையில் கட்டிய சமூகமே அடுத்து அவர் பிள்ளைக்குப் படிப்பு வராது என்கிறது.

மலிவான போதைக்கு மக்கள் கொடுக்கும் விலையும் நம் பக்கத்திலேயே நடந்தது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் தினக்கூலிகள், தலித்துகள். சாராயத்தில் கலந்த மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பையும் மூளையையும் தாக்கும்.

டப்பாவில் வந்த புத்திசாலித்தனம்

கடைசியாக டப்பா பானங்கள். ஹார்லிக்ஸ் சகோதரர்கள் 1873இல் அமெரிக்காவில் நிறுவனம் தொடங்கினார்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு சிப்பாய்கள் வழியாக அது இந்தியா வந்தது. கோதுமை, மால்ட், பால் பொடி, சர்க்கரை, அவ்வளவுதான். ஆனால் தொலைக்காட்சியில் அது பிள்ளையை உயரமாக, வலிமையாக, கூர்மையாக ஆக்கியது. அந்த விளம்பரம் 2008இல் தவறுதலாக பிரிட்டனில் ஒரு நேபாளி அலைவரிசையில் ஒளிபரப்பானபோது, ஆதாரம் இல்லை என்று அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் தடுத்தது. இங்கே அது ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2024 ஏப்ரலில்தான் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய வணிகத் தளங்களுக்கு, போர்ன்விட்டா போன்றவற்றை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவிலிருந்து நீக்கச் சொன்னது. அப்படி ஒரு பிரிவே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது.

இந்த டப்பாக்கள் நம் தெருக்களில் செய்யும் தீங்கு சர்க்கரை மட்டுமில்லை. கூலிவேலை செய்யும் அம்மா, முட்டைக்கும் கீரைக்கும் போக வேண்டிய காசை ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் போடுகிறார். பிள்ளை மார்க் வாங்கவில்லை என்றால் தன் மேலேயே குறை சொல்லிக்கொள்கிறார். பள்ளி செய்ய வேண்டியதையும் அரசு செய்ய வேண்டியதையும் அந்த டப்பா தாயின் தலையில் இறக்கிவைக்கிறது.

இப்போது பதில்

முதலில், நேரடியான பதில். காலையில் வெறும் டீயும் பன்னும் சாப்பாடு ஆகாது. சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் உணவில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தவிர்க்கச் சொல்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி. இது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதமும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதமும் ரத்தசோகை உள்ளவர்கள். ரத்தசோகை உள்ள பிள்ளைக்குக் கவனம் நிற்காது. அதை மந்தம் என்று ஆசிரியர் எழுதிவைப்பார். எனவே டீயைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வையுங்கள், மாலைக்குப் பிறகு வேண்டாம், தண்ணீர் குடியுங்கள், தூங்குங்கள். டப்பா வாங்கும் காசில் முட்டை, வேர்க்கடலை, முருங்கைக்கீரை வாங்குங்கள். அம்மாவின் கூழும் நீராகாரமும் வெட்கப்பட வேண்டிய பானங்கள் இல்லை.

அடுத்தது, நாம் சேர்ந்து செய்ய வேண்டியது. நான் வேலை செய்யும் பகுதியில் பல மாணவிகள் காலையில் நிரப்பிய தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்கள். கேட்டால் சிரிப்பார்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதால் குடிப்பதில்லை. குழாய் இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் நம் பெண்பிள்ளைகள் காய்ந்த நாக்கோடுதான் பாடம் படிக்கிறார்கள். சாத்தாராவில் நடந்தது வேறு வடிவத்தில் தொடர்கிறது. எனவே உங்கள் பகுதிப் பள்ளியில் குடிநீர்க் குழாய் எத்தனை, கழிப்பறை எத்தனை, தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, அதைக் கழுவியது யார் என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். கேரளத்தில் 2019இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க என்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். மணியோடு சேர்த்துச் சுத்தமான கழிப்பறையும் கேளுங்கள். இல்லாவிட்டால் மணி மாணவர்களுக்கு மட்டும்தான் அடிக்கும், மாணவிகளுக்கு அடிக்காது.

புதுச்சேரிக்கு இதில் நல்ல முன்னுதாரணம் உண்டு. பள்ளியில் மதிய உணவு இங்கே பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 1930லேயே தொடங்கியது. பிற்பாடு காலையில் 100 மி.லி. சூடான பாலும் பிஸ்கட்டும் கொடுக்கும் திட்டமும் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில், ஒரே மாதிரி டம்ளரில் குடித்த பால் அது. அதில் இருந்த புரதத்துக்கும் கால்சியத்துக்கும் மேலாக அந்த ஒரே டம்ளருக்கு மதிப்பு உண்டு. அப்படிப்பட்ட திட்டங்கள் எங்கே சுருங்கினாலும், அந்த வரிசையில் எங்கே பிரிவினை நுழைந்தாலும், முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கடை, உணவகம், கிணறு, குளம் எதிலும் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2). கடையில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த மறுப்பதைக் குற்றம் என்கிறது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. நாம் குடிக்கும் நீரை அசுத்தமாக்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். டம்ளர் வித்தியாசப்பட்டால் படம் எடுங்கள், தேதி குறியுங்கள், புகார் கொடுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

முத்திரப்பாளையத்து ஊற்று நகரத்துக்கு ஓடி நூற்று அறுபது ஆண்டு ஆகிறது. அந்தத் தண்ணீர் நம் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் சுத்தமாக, மானத்தோடு வந்து சேரட்டும். அதன்பிறகு பேசலாம், யாருக்குத் தகுதி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று.

ஜெய்பீம்.